கெர்னல் விழிக்கும்போதே அதன் காதில் போட்டு வைப்பது: லினக்ஸ் பூட் அளவுருக்களை மாற்றும் முறை

என் தம்பி புதிதாக வாங்கிய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். நிறுவல் முடிந்து முதல் முறை மறுதொடக்கம் செய்தபோது ஊதா நிறத் திரை ஒரு நொடி தோன்றியது. அதன்பின் வெறும் கருப்பு. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. அந்தச் சிறு விளக்கு சொல்லும் செய்தி முக்கியமானது: இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் உயிரோடு இருக்கிறது, விசைப்பலகைக்குப் பதில் சொல்கிறது, திரையை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டது. மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டியதில்லை. கெர்னல் எழுந்திருக்கும்போதே ‘கிராஃபிக்ஸ் டிரைவரை இப்போது தொடாதே’ என்று சொல்லிவிட்டால் போதும் (டிரைவர் என்பது ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்). அப்படிச் சொல்வதற்கான வழிதான் பூட் அளவுருக்கள், அதாவது கணினி எழும் நேரத்தில் கெர்னலுக்குத் தரும் குறிப்புகள்.

தொடங்கும் முன் எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்புப்படி தந்திருக்கிறேன். கணினியில் இடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும். பேரெழுத்து என்று நான் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிற்றெழுத்து. சமக்குறி, புள்ளி, அடிக்கோடு, சாய்கோடு ஆகியவை இங்கே உள்ளபடியே அங்கும் வரும்.

கணினியை முடுக்கியதும் முதலில் எழுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர். அது கிரப் என்னும் பூட்லோடரை அழைக்கிறது. கிரப் கெர்னலையும், அதற்குத் துணையான தொடக்கக் கோப்புத் தொகுப்பையும் வட்டிலிருந்து நினைவகத்தில் ஏற்றி, ஒரே ஒரு வரி உரையையும் கெர்னலின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த வரியைத்தான் கெர்னல் கட்டளை வரி என்கிறோம். கெர்னல் அதைப் படிக்கும் நேரத்தில் வட்டு எங்கே இருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரியாது. எந்த அமைப்புக் கோப்பையும் திறக்க முடியாது. வட்டின் மூலப் பகிர்வு எது, எத்தனை செயலிக் கருக்களை எழுப்புவது, நினைவகத்தில் எவ்வளவைத் தனியே ஒதுக்குவது என்பவற்றை எல்லாம் அந்தக் கட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டியிருப்பதால், அவற்றுக்கு இந்த ஒரு வரியை விட்டால் வேறு வாசல் கிடையாது. கணினி எழுந்த பிறகும் மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகளுக்கு வேறு இடம் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய கட்டளை வரி ரயில் வண்டி போல நீண்டு கிடக்கிறது.

வரியின் இலக்கணம்

அளவுருக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது இடைவெளி. சில அளவுருக்கள் ஒற்றைச் சொல்லாக நிற்கும். சில பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வடிவில் வரும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு என்றே கெர்னல் கொள்ளும். ஆனால் பெயருக்குள் வரும் இணைப்புக்கோட்டையும் அடிக்கோட்டையும் ஒன்றாகவே பாவிக்கும். நினைவக அளவுகளைக் கிலோ, மெகா, கிகா என்பவற்றின் முதலெழுத்தைப் பின்னொட்டாக்கி எழுதலாம்: ‘மெம்=4ஜி’ என்றால் 4 கிகாபைட்டுக்கு மேல் உள்ள நினைவகத்தைக் கெர்னல் கண்டுகொள்ளாது. பெயரின் நடுவே புள்ளி இருந்தால், புள்ளிக்கு முன் உள்ளது ஒரு டிரைவரின் பெயர், பின் உள்ளது அந்த டிரைவருக்கு உரிய அமைப்பு. ஒரே அளவுரு இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் கடைசியாக வந்ததே செல்லும். ‘கன்சோல்’ போன்ற சில அளவுருக்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். எக்ஸ்86 கணினிகளில் மொத்த வரி 2048 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

இதில் ஆளை விழுங்கும் பள்ளம் ஒன்று உண்டு. அளவுருவின் பெயரைப் பிழையாக எழுதினால் கெர்னல் நின்று கேட்காது. தனக்குப் புரியாத சொற்களை, கெர்னலுக்கு வெளியே நிரல்கள் ஓடும் பயனர் தளத்தில் முதலில் எழும் நிரலான ‘இனிட்’டிடம் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அண்மைக் காலக் கெர்னல்கள் ‘தெரியாத அளவுருக்கள் பயனர் தளத்துக்கு அனுப்பப்படும்’ என்னும் பொருளில் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதுகின்றன. அந்தப் பட்டியலில் ‘ஸ்பிளாஷ்’ என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். அது கெர்னலுக்கு உரியதே அல்ல, தொடக்கப் படத்தைக் காட்டும் பிளைமவுத் நிரலுக்கு உரியது. ஆனால் நடுவில் புள்ளி உள்ள பெயரைத் தவறாக எழுதினால் இந்தப் பட்டியலில்கூட அது வராது. ஏதோ ஒரு டிரைவர் பிறகு வந்து வாங்கிக்கொள்ளும் என்று கெர்னல் பேசாமல் இருந்துவிடும். ‘அளவுருவைச் சேர்த்தேன், பலன் இல்லை’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எழுத்துக் கூட்டலைத்தான்.

முதலில் மெனுவில்

எந்த அளவுருவையும் நிரந்தரக் கோப்பில் எழுதும் முன் கிரப் மெனுவில் ஒரு முறை இட்டுப் பார்த்துவிட வேண்டும். மெனுவில் செய்யும் திருத்தம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும். கணினியை அணைத்தால் அதுவும் மறைந்துவிடும். என்ன தவறு செய்தாலும் மின் பொத்தானை நீள அழுத்தி மீண்டும் முடுக்கினால் பழைய நிலை வந்துவிடுவதால், இதைவிடப் பாதுகாப்பான சோதனைக்கூடம் கிடைக்காது.

உபுண்டுவை மட்டும் நிறுவியிருந்தால் மெனு வழக்கமாக மறைந்தே இருக்கும். பயாஸ் என்னும் பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் முடுக்கிய உடனே ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யுஇஎஃப்ஐ என்னும் புதிய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் நிறுவனச் சின்னம் மறையும் தறுவாயில் எஸ்கேப் விசையை ஒரு முறை தட்ட வேண்டும். ஒரு முறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதற்றத்தில் நாலைந்து முறை தட்டினால் மெனுவைத் தாண்டி, ‘கிரப்’ என்ற சொல்லும் ஒரு கூர்குறியும் மட்டும் உள்ள வெற்றுத் திரைக்குப் போய்விடுவோம். அங்கே ‘நார்மல்’ என்று எழுதி என்டரைத் தட்டி, உடனே எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டினால் மெனு வரும்; வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி முதலிலிருந்து தொடங்கலாம்.

மெனு வந்ததும் முதல் வரியில் நின்று ‘இ’ விசையை அழுத்தவும். பத்துப் பதினைந்து வரிகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பான் திறக்கும். அவற்றில் ‘லினக்ஸ்’ என்ற சொல்லில் தொடங்கும் வரி ஒன்றே நமக்கு வேண்டியது. அதன் தோற்றம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘லினக்ஸ்’ என்ற சொல், அடுத்து விம்லினஸ் என்று தொடங்கும் கெர்னல் கோப்பின் பெயரும் பதிப்பு எண்ணும், அடுத்து ‘ரூட்=யுயுஐடி=’ என்பதும் அதன்பின் முப்பத்தாறு குறிகள் கொண்ட அடையாள எண்ணும், பிறகு ‘ஆர்ஓ குவயட் ஸ்பிளாஷ்’. திரையின் அகலத்துக்குள் அடங்காததால் வரி உடைந்து, உடைந்த இடத்தில் ஒரு பின்சாய்கோடு தெரியும். அந்தச் சாய்கோடு காட்சிக்கு மட்டுமே. அதை அழிக்க முயல வேண்டாம். அம்புக்குறியால் அந்த வரிக்கு வந்து எண்ட் விசையை அழுத்தினால் உண்மையான முடிவுக்குப் போகலாம். அங்கே ஓர் இடைவெளி விட்டுப் புதிய அளவுருவை எழுதி, கண்ட்ரோலுடன் எக்ஸ் விசையை அல்லது எஃப்10 விசையை அழுத்தினால் கணினி அந்த வரியோடு எழும். கை தவறிவிட்டால் எஸ்கேப் அழுத்தி மெனுவுக்குத் திரும்பலாம், திருத்தியவை கைவிடப்படும்.

முதன்முதலாக இதைச் செய்பவர்கள் எதையும் சேர்க்காமல் ‘குவயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. கெர்னல் தன் போக்கில் பேசுவதை அப்போதுதான் பார்க்க முடியும். தொடக்கம் எங்காவது நின்றுபோகும் கணினியில், நிற்கும் முன் திரையில் கடைசியாக வந்த நான்கைந்து வரிகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அளவுரு தேவை என்பதற்கான துப்பு பெரும்பாலும் அந்தப் படத்தில் இருக்கும்.

தம்பியின் கணினியில் நான் சேர்த்தது ‘நோமோட்செட்’ என்ற ஒற்றைச் சொல்: நோ, மோட், செட் என்ற மூன்றையும் இடைவெளி இன்றி ஒட்டி எழுதுவது. திரையின் முறைமையை மாற்றும் வேலையைக் கெர்னலில் உள்ள கிராஃபிக்ஸ் டிரைவர்கள் ஏற்காமல் அது தடுக்கிறது. ஃபர்ம்வேர் ஏற்கெனவே அமைத்துத் தந்த எளிய திரையைக் கொண்டே கணினி எழுகிறது. ஐந்து நொடியில் உள்நுழைவுத் திரை வந்துவிட்டது.

எழுந்த கணினியில் கட்டளை இடும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘கேட் /பிராக்/சிஎம்டிலைன்’ என்று இட்டால், கெர்னல் உண்மையில் வாங்கிக்கொண்ட வரி அப்படியே தெரியும். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. அளவுரு அந்த வரியில் இல்லை என்றால் கோளாறு கிரப் பக்கம். வரியில் இருந்தும் பலன் இல்லை என்றால் கோளாறு எழுத்துக் கூட்டலிலோ அளவுருவின் தேர்விலோ இருக்கிறது. இரண்டாவது நிலையில் ‘சூடோ டிமெஸ்ஜி’ என்ற கட்டளையால் கெர்னல் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் (‘சூடோ’ என்பது கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும்).

பிறகு கோப்பில்

மெனுவில் பலன் தந்த அளவுருவை நிலைப்படுத்த, டெபியன், உபுண்டு வழிவந்த இயங்குதளங்களில் ‘/எட்சி/டிஃபால்ட்/கிரப்’ என்ற கோப்பைத் திருத்த வேண்டும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே என்பதால் அதற்கும் இதே முறைதான். முதலில் ஒரு நகல்: ‘சூடோ சிபி’ என்று தொடங்கி, கோப்பின் பெயரையும், அதே பெயருடன் ‘.பழையது’ என்பதற்கு ஈடான ஒரு பின்னொட்டையும் தரவும். பிறகு ‘சூடோ நானோ /எட்சி/டிஃபால்ட்/கிரப்’ என்று திறந்தால், முழுதும் பேரெழுத்தில் ‘கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரி தெரியும். அதன் இரட்டை மேற்கோளுக்குள் ‘குவயட் ஸ்பிளாஷ்’ இருக்கும். மேற்கோள் மூடும் முன் இடைவெளி விட்டு நம் அளவுருவைச் சேர்க்க வேண்டும்.

அதற்குச் சற்றுக் கீழே, ‘டிஃபால்ட்’ என்ற வால் இல்லாமல் அதே பெயரில் இன்னொரு வரி இருக்கும். வால் உள்ள வரி சாதாரணத் தொடக்கத்துக்கு மட்டுமே. வால் இல்லாதது மீட்பு முறைத் தொடக்கம் உட்பட எல்லாவற்றுக்கும். சோதித்துத் தேறாத எதையும் வால் இல்லாத வரியில் எழுதாதீர்கள். தவறான அளவுரு சாதாரணத் தொடக்கத்தைக் கெடுத்தாலும், மீட்பு முறை அதன் கை படாமல் காத்திருக்க வேண்டும்.

சேமித்தபின் ‘சூடோ அப்டேட்-கிரப்’ என்று இட்டால் இந்தக் கோப்பைப் படித்து உண்மையான மெனுக் கோப்பை அது மறுபடி எழுதும். கண்டுபிடித்த கெர்னல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடும். இந்தக் கட்டளையை மறந்துவிட்டு ‘மாற்றினேன், மாறவில்லை’ என்று ஒரு மாலைப் பொழுதையே கழித்தவர்கள் பலர். மேற்கோளை மூட மறந்திருந்தால் ‘முடிவடையாத மேற்கோள்’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்து வேலை அங்கேயே நின்றுவிடும். கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கான நிரலாகவே கோப்பு படிக்கப்படுகிறது என்பதே காரணம். பழைய மெனு அப்படியே இருக்கும், பயமில்லை. உண்மையான மெனுக் கோப்பான ‘/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி’யை நேரடியாகத் திருத்துவது வீண் வேலை: திருத்தாதே என்ற எச்சரிக்கையோடுதான் அந்தக் கோப்பே தொடங்குகிறது, அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வந்ததும் அது முழுதாக அழித்து எழுதப்படும்.

இதே கோப்பில் ‘கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்’ என்பதன் மதிப்பு ‘ஹிடன்’ என்று இருந்தால் ‘மெனு’ என்று மாற்றி, ‘கிரப்_டைம்அவுட்’ மதிப்பை 5 ஆக்கிவிடுங்கள் (இந்த இரண்டு பெயர்களும் முழுதும் பேரெழுத்தில்). ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்தான். அவசரத்தில் ஷிஃப்டா எஸ்கேப்பா என்று தடுமாறுவதைவிட அது மேல்.

மேகக் கணினிச் சேவைகளில் வாடகைக்கு எடுக்கும் உபுண்டுவில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ‘/எட்சி/டிஃபால்ட்/கிரப்.டி’ என்ற அடைவில் உள்ள கோப்புகள் முதன்மைக் கோப்புக்குப் பிறகு படிக்கப்படுவதால், அவற்றில் இதே வரி இருந்தால் நாம் எழுதியது செல்லாமல் போகும். முதன்மைக் கோப்பு சரியாக இருந்தும் ‘/பிராக்/சிஎம்டிலைன்’னில் பலன் தெரியாவிட்டால் அந்த அடைவைத் திறந்து பாருங்கள்.

ஃபெடோராவிலும் அதன் உறவினர்களிலும் ‘கிரபி’ என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. ‘சூடோ கிரபி --அப்டேட்-கெர்னல்=ஆல் --ஆர்க்ஸ்=’ என்று எழுதி, அளவுருவை இரட்டை மேற்கோளுக்குள் தர வேண்டும்; ‘ஆல்’ பேரெழுத்தில். நீக்குவதற்கு ‘--ஆர்க்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘--ரிமூவ்-ஆர்க்ஸ்’ என்று வரும். ராஸ்பெரி பையில் கிரப் கிடையாது, ‘சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பே கட்டளை வரி. 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அது ‘/பூட்/ஃபர்ம்வேர்’ அடைவுக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பில் உள்ளவை அனைத்தும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். நடுவில் என்டர் தட்டினால் அதற்குப் பின் உள்ளவை கெர்னலுக்கு எட்டாது.

எதை எப்போது சேர்ப்பது

மடிக்கணினிகளில் திரை வெளிச்ச விசைகள் வேலை செய்யாதபோது ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ என்பதை முயன்று பார்க்கலாம். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ளவற்றில் திரை அவ்வப்போது மினுங்கினால் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ பல நேரம் தீர்க்கும்; திரை தன்னைத்தானே புதுப்பித்து மின்சாரம் சேமிக்கும் வசதியை அது நிறுத்துகிறது. என்விஎம்இ என்னும் அதிவேக வகை வட்டு திடீரென்று காணாமல் போகும் கணினிகளில் ‘என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேடன்சி_யுஎஸ்=0’ என்ற நீண்ட பெயர் உதவும்: வட்டு ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போவதை அது தடுக்கிறது. கடைசி இரண்டும் ஏதோ ஒரு மின்சேமிப்பை அணைத்துத்தான் நிலைத்தன்மையை வாங்கித் தருகின்றன. விலை பேட்டரி நேரம். ‘ஏசிபிஐ=ஆஃப்’ என்பதை இணையத்தில் பலர் மருந்து போலப் பரிந்துரைப்பார்கள். நோயைக் கண்டறிய ஒரு முறை மெனுவில் இட்டுப் பார்க்கலாமே ஒழிய, கோப்பில் எழுதக் கூடாதது அது. மின்சார மேலாண்மையும் வன்பொருளைக் கண்டறியும் வழியும் அதோடு போய்விடும்.

சர்வர்களில் பூட் நேரத்தில் மட்டுமே சரியாகச் செய்யக்கூடிய வேலை பெரும் நினைவகப் பக்கங்களை ஒதுக்குவது. பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு. எக்ஸ்86 செயலிகளில் சாதாரணப் பக்கம் 4 கிலோபைட். பெரும் பக்கம் 2 மெகாபைட் அல்லது 1 கிகாபைட். 1 கிகாபைட் பக்கத்துக்கு அவ்வளவு நினைவகமும் ஒரே தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். கணினி சில மணி நேரம் ஓடினாலே நினைவகம் துண்டு துண்டாகிவிடும் என்பதால், எவரும் எழும் முன் ஒதுக்கிவிடுவதே நல்லது. தரவுத்தள சர்வர் ஒன்றில் எட்டுப் பக்கங்கள் ஒதுக்க ‘ஹியூஜ்பேஜஸ்=8 ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி’ என்று எழுதிவிட்டு, 8 கிகாபைட் கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். தரவுத்தளம் நினைவகம் போதவில்லை என்று எழ மறுத்தது. ‘/பிராக்/மெம்இன்ஃபோ’வைப் பார்த்தால் பெரும் பக்கங்கள் எட்டு என்றே காட்டியது, சில வரிகள் கீழே இருந்த பக்க அளவைத்தான் நான் கவனிக்கவில்லை: 2048 கிலோபைட். எண்ணிக்கைக்கு முன்னால் அளவு வந்தால்தான் அந்த எண்ணிக்கை அந்த அளவுக்கு உரியதாகும். எண்ணிக்கை முதலில் வந்துவிட்டால் இயல்பு அளவான 2 மெகாபைட்டே எடுத்துக்கொள்ளப்படும். ஆக எனக்குக் கிடைத்திருந்தது மொத்தம் 16 மெகாபைட். இரண்டு சொற்களையும் இடம் மாற்றி எழுதியதும் சரியாயிற்று. அளவுருக்களின் வரிசை பொருட்டில்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒன்றை நினைவூட்டுங்கள். ஒதுக்கிய பக்கங்கள் காலியாக இருந்தாலும் வேறு எந்த நிரலுக்கும் கிடைக்காது என்பதால், 16 கிகாபைட் கணினியில் 8 கிகாபைட்டை ஒதுக்குவது எளிதாக எடுக்கும் முடிவு அல்ல.

‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’ பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்னும் செயலிப் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் அவற்றின் வழி வந்தவற்றுக்கும் கெர்னலில் சேர்த்த தடுப்புகள் அனைத்தையும் ஒரே சொல்லில் அணைக்கும் அளவுரு இது. 2019இல் வந்த 5.2 கெர்னலில் சேர்ந்தது. வேகம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், பழைய செயலிகளில் அது கண்ணுக்குத் தெரியவும் செய்யும். ஆனால் பிரவுசர் திறக்கும் கணினியில், அதாவது முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரல் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடும் கணினியில், இதைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். வெளியுலகத் தொடர்பே இல்லாமல் சொந்தக் கணக்கீடுகளை மட்டும் ஓட்டும் இயந்திரம் என்றால் அது வேறு கதை. ‘/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ்’ அடைவில் உள்ள கோப்புகளைப் படித்தால் உங்கள் செயலியை எந்தக் குறைபாடு தாக்கும், எந்தத் தடுப்பு இயங்குகிறது என்று தெரியும். பாதிக்கு மேல் ‘பாதிப்பில்லை’ என்றிருந்தால் அணைத்துப் பெரிதாக எதுவும் மிச்சமாகப் போவதில்லை.

பூட் வரிக்கு வரவே தேவையில்லாதவை

நினைவகத்தில் உள்ளதை எவ்வளவு விரைவாக வட்டின் ஸ்வாப் பகுதிக்குத் தள்ளுவது, பிணையப் பொதிகளை முன்னனுப்புவதா என்பன போன்றவற்றை ஓடும் கணினியிலேயே மாற்றலாம். ‘சூடோ சிஸ்சிடிஎல் -டபிள்யு விஎம்.ஸ்வாப்பினஸ்=10’ என்று இட்ட கணமே அது நடைமுறைக்கு வரும்; இயல்பு மதிப்பு 60. மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, ‘/எட்சி/சிஸ்சிடிஎல்.டி’ அடைவில் ‘.கான்ஃப்’ என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்கி அதே பெயரையும் மதிப்பையும் ஒரு வரியாக எழுதினால் போதும். கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அதைப் படித்துக்கொள்ளும். 5.8 கெர்னலிலிருந்து ‘சிஸ்சிடிஎல்.’ என்ற முன்னொட்டோடு இவற்றைப் பூட் வரியிலும் தர முடியும். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. கோப்பில் இருந்தால் மறுதொடக்கம் இன்றி மாற்றலாம், பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைக்கலாம்.

எழாமல் போனால்

நிரந்தரமாக எழுதிய அளவுரு கணினியை எழ விடாமல் செய்தால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்: மெனு, ‘இ’ விசை, அந்தச் சொல்லை அழித்தல், கண்ட்ரோல் எக்ஸ். எழுந்ததும் கோப்பைத் திருத்தி ‘அப்டேட்-கிரப்’ இட மறக்க வேண்டாம். கோளாறு அளவுருவில் இல்லை, இயங்குதளத்தின் வேறு பகுதியில் என்றால், அதே வரியின் முடிவில் ‘இனிட்=/பின்/பேஷ்’ என்று சேர்த்து எழுப்பலாம். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ரூட் எனப்படும் முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு ஷெல் கிடைக்கும். வட்டு அப்போது படிக்க மட்டும் திறந்திருக்கும். ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யு /’ என்று இட்டால் எழுதவும் முடியும். வேலை முடிந்ததும், எழுதியவை வட்டில் பதிய ‘சிங்க்’ இட்டு, மின் பொத்தானால் அணைத்து எழுப்ப வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் நமக்குத் திறக்கும் இந்தக் கதவு கணினிக்கு முன் உட்காரும் எவருக்கும் திறக்கும் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள். வட்டைக் குறியாக்கம் செய்வதும் கிரப்புக்குக் கடவுச்சொல் இடுவதும் அதற்காகத்தான்.

தொலைவில் இருக்கும் சர்வரில் மெனுவைப் பார்க்க வாய்ப்பே இல்லாதபோது முறை வேறு. ‘கிரப்_டிஃபால்ட்’ (பேரெழுத்தில்) மதிப்பைச் ‘சேவ்ட்’ என்று அமைத்து, இப்போதைய மெனுப் பதிவையே இயல்பாக நிறுத்த வேண்டும். பிறகு ‘/எட்சி/கிரப்.டி/40_கஸ்டம்’ கோப்பில் அந்தப் பதிவின் நகலை வேறு தலைப்பில் எழுதி, அதில் மட்டும் புதிய அளவுருவையும் ‘பேனிக்=30’ என்பதையும் சேர்க்க வேண்டும். ‘அப்டேட்-கிரப்’ இட்டபின் ‘சூடோ கிரப்-ரீபூட்’ கட்டளைக்குப் புதிய தலைப்பைக் கொடுத்து மறுதொடக்கம் செய்தால், அந்த ஒரு முறை மட்டும் புதிய பதிவு எழும். கெர்னல் நிலைகுலைந்தால் இயல்பாக அப்படியே நின்றுவிடும்; ‘பேனிக்=30’ இருப்பதால் முப்பது நொடியில் தானே மறுதொடக்கம் செய்து பழைய பதிவுக்குத் திரும்பும். சத்தமில்லாமல் உறைந்துபோனால் மட்டும் சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலிருந்து அணைத்து எழுப்ப வேண்டும். ‘/பூட்’ அடைவு, வட்டுகளை ஒன்றிணைத்துக் கையாளும் எல்விஎம் அல்லது ரெய்டு அமைப்பின் மேல் இருந்தால் இந்த உத்தியை நம்ப வேண்டாம்: ‘ஒரு முறை’ என்ற குறிப்பைக் கிரப்பால் அங்கே அழிக்க முடியாது, ஆகவே கெட்ட பதிவே திரும்பத் திரும்ப எழும்.

சேர்த்த ஒவ்வோர் அளவுருவுக்கும், கிரப் கோப்பில் அதற்கு மேலே கட்டக்குறியில் (#) தொடங்கும் ஒரு கருத்து வரி எழுதி வையுங்கள்: நாள், கெர்னல் பதிப்பு, என்ன கோளாறுக்காக என்பது. பெரிய கெர்னல் புதுப்பிப்பு வரும்போது மெனுவில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு ஒரு முறை எழுப்பிப் பாருங்கள். டிரைவரில் கோளாறு திருத்தப்பட்டிருந்தால் அளவுருவுக்கு வேலை முடிந்தது. தம்பியின் கணினியில் உரிய கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவியபின் ‘நோமோட்செட்’டை எடுக்க நான் மறந்துவிட்டேன். திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடியவில்லை, புரொஜெக்டரை இணைத்தால் படம் வரவில்லை என்று ஒரு மாதம் கழித்து அவன் அழைத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. தொலைபேசியிலேயே மெனுவுக்குப் போகச் சொல்லி, அந்த ஒரு சொல்லை அழிக்க வைத்து எழுப்பினோம். புரொஜெக்டர் வந்துவிட்டது, பிறகு கோப்பிலும் எடுத்தான்.